எந்தப் பக்கம் ஓடினேன்

மூன்று வருஷமாக அந்தக் கதையை நான் ஒரே மாதிரிதான் சொல்லி வந்தேன். மழை பெய்தது, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது, நான் ஓடித் தப்பிவிட்டேன், பக்கத்துக் காம்பராக்காரி மண்ணுக்குள் போய்விட்டாள். அவளும் நானும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். மழை வலுத்ததால் அன்று மத்தியானமே வேலையை நிறுத்தி எங்களை அனுப்பியிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் வேறு.

அதற்குப் பிறகு மழை பிடித்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சில் கோளாறு இல்லை என்று, மனசு விட்டுப் பேச வைக்கிற ஒரு மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். என்னைவிட வயது குறைந்தவர். மருந்து எழுதித் தருவார் என்று உட்கார்ந்திருந்தேன். அவரோ கதையைக் கேட்டுவிட்டு, "ஓடினேன்னு சொல்றீங்களே அக்கா, எந்தப் பக்கம் ஓடுனீங்க?" என்றார்.

இது என்ன கேள்வி என்று தோன்றியது. "ரோட்டுக்குத்தான் மிஸ். எறங்குற படி என் காம்பராவுக்கு நேர் முன்னாலதான் இருக்கு."

"அப்ப படியாலதான் எறங்குனீங்களா?"

படியில் கால் வைத்ததே ஞாபகம் இல்லை. முழங்கால் சிராய்ந்து தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது ஞாபகம் இருந்தது. அந்தக் கான் லயத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஆறு காம்பராவையும் தாண்டி நான் ஏன் அங்கே போனேன்?

கடைசிக் காம்பராவில் இருந்தவளைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"கதவ ஒடைக்கிற மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டிக்கிட்டு வந்தியே! அந்தச் சத்தத்துலதான் நான் புள்ளையத் தூக்கிட்டு வெளிய வந்தேன்."

"இத்தன நாளா ஏன்டி சொல்லல?"

"தட்டுனவ நீ. ஒனக்கே போய் நான் என்னத்தச் சொல்றது?"

சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. உண்மையிலேயே தட்டினேனா, இல்லை, இவள் சொல்லிக் கேட்டு எனக்கும் அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டதா? தட்டியிருந்தால் முதலில் தட்டியது மண்ணுக்குள் போன பக்கத்துக் காம்பராக்காரியின் கதவாகத்தானே இருக்கும்? அவளுக்குக் கேட்கவில்லையா? பயத்தில் அந்த ஒரு கதவை விட்டுவிட்டேனா?

மிஸ்ஸிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "அவங்க இப்ப இங்க இருந்தா, உங்களப் பார்த்து என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

"ஏசுவா மிஸ். காய்ச்சலோட மழையில நனைஞ்சியாடி, அறிவு கெட்டவளேன்னு ஏசுவா." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் ஏன் சிரித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இந்த வருஷம் அவளுடைய நினைவு நாள் தவசத்துக்கு அவள் மகள் வந்திருந்தாள். ஹட்டனில் தங்கிப் படிக்கிறாள். "அத்தை, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். கதவுகளைத் தட்டியதாகச் சொல்கிறார்கள் என்றேன். "ஒங்கம்மா கதவத் தட்டுனேனான்னு மட்டும் எனக்குத் தெரியலம்மா."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அன்னைக்குக் காலையில மலையில அம்மா என்ன பேசுனாங்க?" என்றாள்.

அதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ஒனக்குப் புதுச் சப்பாத்து வாங்கணும், பழசு காலைக் கடிக்குதுன்னு நீ சொல்லாம மறைக்கிறன்னு சொன்னா."

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நெஞ்சடைப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. எந்தக் கதை சரி என்றும் எனக்குப் பிடிபடவில்லை. தவசத்தன்று பஸ் வரும்வரை அவள் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.