மெமோவில் இருந்த இன்சுலேஷன்

எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க். வேலை நிரந்தரமாக இரண்டே மாதம் பாக்கி இருந்தபோது, ஒரு சனிக்கிழமை என் கையில் மெமோ கொடுத்தார்கள்.

ஆங்கிலத்தில் இரண்டு வரி. ‘வரும் செம்புக் கம்பியில் எடை குறைவது தாங்கள் டியூட்டியில் இருக்கும் நாட்களில் மட்டுமே என்பது கவனிக்கப்பட்டுள்ளது. தங்கள் தகவலுக்கு.’ திருட்டு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் அர்த்தம் அதுதான். வேலை போனால் போகட்டும், திருடன் என்ற பெயரோடு போகக்கூடாது.

தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனதும் மெர்சியிடம் காட்டினேன். என் மனைவி இங்கிலீஷ் டீச்சர். கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பாள்.

“இதுக்குப் பேரு இன்சினுவேஷன்,” என்றாள்.

“அப்படின்னா?”

“நம்ம குழாயடியில பண்றதுதாங்க. பேரைச் சொல்லாம, உறைக்க வேண்டியவங்களுக்கு உறைக்கிற மாதிரி ஜாடையா பேசறது. அதையே லெட்டர்ஹெட்ல அடிச்சா இன்சினுவேஷன்.”

பயத்திலும் சிரித்துவிட்டேன். பதிலை அவளே எழுதித் தந்தாள்.

திங்கட்கிழமை அதை டைப்பிஸ்ட் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். இன்சுலேஷன் டேப், இன்சுலேஷன் பேப்பர் என்று நாள் முழுக்க பர்ச்சேஸ் ஆர்டர் அடிக்கிற விரல்கள் அவருடையவை. பழக்கதோஷத்தில் அடித்துவிட்டார். நானும் படிக்காமலே கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார்.

“என்ன செல்வராஜ் இது? ‘தங்கள் மெமோவில் உள்ள இன்சுலேஷன் என்னைப் புண்படுத்துகிறது, உடனே நீக்கவும்’னு எழுதியிருக்கீங்க. மெமோவுல எங்கய்யா இன்சுலேஷன்?”

காது மடல் சூடாகிவிட்டது. எப்படியும் மானம் போயாயிற்று, இனி என்ன என்று ஒரு துணிச்சல் வந்தது.

“டைப்பிங் மிஸ்டேக் சார், அது இன்சினுவேஷன். ஆனா இதுவும் சரிதான் சார். உள்ள கரண்ட் ஓடுது, மேல இன்சுலேஷன் சுத்தியிருக்கு. அதைப் பிரிச்சுட்டு நேரா கேளுங்க, பதில் சொல்றேன்.”

அவர் என் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

“சரி, கேக்கறேன். கம்பியை எடுத்தியா?”

இரண்டு நாளாக நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது.

“இல்ல சார். ஸ்டோருக்கு வாங்க.”

கம்பி சுற்றி வரும் மர ஸ்பூல் ஒன்றைக் காலியாகத் தராசில் வைத்துக் காட்டினேன். “நான் இந்த எடையைக் கழிச்சுட்டுதான் எழுதுவேன் சார். என் டியூட்டி இல்லாதப்ப மத்தவங்க கழிக்கிறதில்ல. சப்ளையர் மரத்தையும் செம்புன்னு பில் போடறாரு.”

மேனேஜர் குனிந்து தராசு முள்ளைப் படித்தார்.

“இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே சார்.”

மெமோவைக் கிழித்துப் போட்டார். வேலையும் நிரந்தரமானது. மெர்சி மட்டும் விடவில்லை. கடிதத்தின் நகலில் தப்பைச் சிவப்பில் சுழித்தாள், பக்கத்திலேயே நான் மேனேஜரிடம் சொன்ன பதிலுக்குப் பத்துக்குப் பத்து போட்டாள்.

பிற்காலத்தில் நானும் மெமோ எழுதும் நாற்காலிக்கு வந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரு விஷயம்தான். சந்தேகத்தை எழுதும்போது கடைசியில் கேள்விக்குறி போடுங்கள். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல ஓர் இடம் வேண்டாமா?