அவனைத் தா, இல்லாவிட்டால் திதியைத் தா

மதியம் இரண்டு மணியானால் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்கு முன்னால் நின்றாலும் திரும்ப வேண்டும். உயர்ந்த மலைகளில் ஏறுகிறவர்களின் விதி இது. இன்னொன்றும் உண்டு: கூட வந்தவர் நோயில் விழுந்தால், ஏற்றம் அன்றோடு முடிந்தது. இரண்டையும் எனக்குச் சொல்லித் தந்தவன் என் மகன் கஜன். நான் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரிலும், பிறகு ஒக்லாந்தில் ஓர் அலுவலகத்திலும் விதிகளைக் காட்டியே சம்பளம் வாங்கி ஓய்வுபெற்றவன். மகன் விதி பேசக் கேட்டுப் பெருமைப்பட்டேன். விதியைச் சொல்லத் தெரிந்தவன் அதன்படி நடப்பான் என்பது என்னைப் போன்ற உத்தியோகத்தர்களின் மூடநம்பிக்கை.

அடியார்களே, கோயில் மலருக்கு எழுதப்படும் அனுபவங்களில் நோய் மாறும், விசா கிடைக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் முருகன் எனக்குப் பதில் சொன்னான். அதனால் எழுதுகிறேன்.

2013 ஜனவரி. ஒக்லாந்தின் பக்குரங்காவில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று கஜன் தாயிடம் சொன்னான்:

"கயிறு வேணாம் அம்மா. ஐஸ் கோடரியும் வேணாம். எரிமலைதான், ஆனா சும்மா நடக்கிறது."

"சும்மா நடக்கிறதுக்கு ஒனிஹங்காப் பக்கத்திலையே மலை கிடக்கு. மாடும் மேயுது," என்றாள் பவளம்.

"அது வெறும் ஹில் அம்மா. இது ஆறாயிரம் மீற்றர்."

"ஆறாயிரத்திலை என்னடா இருக்கு?"

"ஒண்டுமில்லை. அதுதான் வடிவு."

சிலிக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் இடையிலுள்ள பாலைவனத்தில் நிற்கிறது அந்த மலை. பெயரை எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அதைச் சொல்வதில்லை. கஜனும், அவனோடு வேலை செய்த டேவிட் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையும் போனார்கள். உயரத்துக்கு உடம்பைப் பழக்கி, மேலே ஒரு தகரக் குடிசை வரை ஒழுங்காகவே ஏறியிருக்கிறார்கள். அங்கே டேவிட்டுக்குத் தலையிடி, வாந்தி. இரண்டு பேரும் இறங்கியிருக்க வேண்டும். டேவிட் கொஞ்சம் தேறிப் படுத்தபோது, "நீ கிட, நான் பின்னேரத்துக்குள்ள வந்திடுவன்" என்று கஜன் தனியே போனான். நடக்கத் தெரிந்தால் போதும் என்ற மலைதானே. மதியத்துக்குப் பிறகு காற்றும் பனிப்புகாரும் மூடின. டேவிட் இரண்டு தரம் தேடி ஏறி, இரண்டு தரமும் விழுந்து, தவழ்ந்து கீழே போய் எல்லைக் காவலில் சொன்னான். ஆட்களும் ஹெலிகொப்டரும் தேடினார்கள். பருவம் மாறியதும் தேடல் நின்றது.

பிறகு நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எல்லைக் காவலுக்கு, நீதவானுக்கு, தூதரகத்துக்கு, ஸ்பானிய மொழியில் எழுதுவித்து, பிரதிகள் இணைத்து, நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பினேன். "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று மட்டும் வந்தது. அந்த வசனத்தை நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.

காணாமற் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்துதான் கிரியை என்கிறது சாஸ்திரம். சட்டம் ஏழு என்கிறது. பவளம் எதையும் ஏற்கவில்லை. கனடாவிலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா போன் எடுத்துக் குரல் உடைந்து அழுதபோது, "ஆரக்கா செத்தது?" என்று கேட்டாள். வரவேற்பறையில் கஜனின் பட்டமளிப்புப் படம் இருந்தது. அதற்கு ஒரு பூ வைக்க நான் கையெடுத்தால் தட்டிவிடுவாள். பூ வைத்தால் செத்தவன். வைக்காவிட்டால் வருகிறவன்.

என்ன செய்யலாம் என்று கோயில் ஐயரிடம் கேட்கப் போனோம்.

"திதி தெரியாட்டில் ஆடி அமாவாசையிலை செய்யலாம் அம்மா," என்றார் அவர், மெதுவாகத்தான்.

"ஐயா, என்ரை பிள்ளைக்குக் கிரியை செய்யப் பாக்கிறியளோ, பிள்ளையைச் சாகடிக்கப் பாக்கிறியளோ?"

ஐயர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மலேசியத் தம்பி என் கையைப் பிடித்து, "அங்கிள், கண்டிப்பா உயிரோட வருவான் லா, நம்புங்க," என்றான். அவனுடைய அன்பைத் தாங்குவது ஐயரின் கண்ணீரைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

பவளம் சாப்பாட்டைக் குறைத்தாள். வெள்ளி விரதம் என்றாள், பிறகு செவ்வாயும் என்றாள், பிறகு காரணம் சொல்வதையே விட்டாள். உடுப்புகள் அவளில் தொங்கின. அழுது முடிக்கவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் அவள் எனக்கு முன்னால் தேய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வருடக்கணக்காக அலையும் தாய்மாரை நினைத்தேன். என் பிள்ளையை எவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அப்படியிருந்தும் எங்களால் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, திரை மூடிய பிறகும் சந்நிதியில் நின்றேன். அதுவரை நான் கடவுளிடம் நீண்ட விண்ணப்பங்களே வைத்திருந்தேன், காரணங்களோடும் முன்னுதாரணங்களோடும். அன்று ஒரு வரிதான் வந்தது. "முருகா, அவனைத் தா, இல்லாவிட்டால் திதியைத் தா." தகப்பன் கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தே கேட்டேன். வீட்டுக்கு வந்து பவளத்திடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நானும் அதைத்தான் கேக்கிறன். உங்களுக்குச் சொல்லப் பயந்து கிடந்தனான்," என்றாள். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டோம்.

கடைசியில் எல்லைக் காவல் அதிகாரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. வேறு நாட்டு மலையேறிகள் உச்சிக்குக் கீழே, காற்று மறைவான ஒரு பாறைக்குப் பின்னால் கஜனைக் கண்டிருக்கிறார்கள். கமெராவில் கடைசிப் படம் 2013 பெப்ரவரி நான்காம் தேதி மாலை எடுத்தது. இரண்டில் ஒன்று கேட்டேன். முருகன் இரண்டையும் தந்தான்.

நானும் டேவிட்டும் போனோம். மலையடிவாரத்தில் மரமில்லை, புல்லில்லை, குருவி இல்லை. துருப்பிடித்த நிறத்தில் மண், அதன்மேல் காற்று, தூரத்தில் எவரையும் கவனிக்காமல் ஒரு கூம்பு. கோபம் வரும் என்று நினைத்துத்தான் போனேன். வரவில்லை. கும்பிட்டேன்.

வறண்ட குளிர் அவனுடைய முகத்தைக் கெடுக்கவில்லை. ஒக்லாந்தில் பெட்டியைத் திறந்தபோது பவளம் குனிந்து பார்த்து, "தாடி வளத்திருக்கிறான். எனக்குச் சொல்லவேயில்லை," என்றாள். பிறகுதான் அழுதாள், இரண்டு வருட அழுகையை. இங்கே கொள்ளி இல்லை, ஒரு பொத்தான். அதை நான் அழுத்தினேன். திதி கணிக்கும்போது ஒக்லாந்து நேரமல்ல, உயிர் பிரிந்த இடத்து நேரம்தான் பார்க்க வேண்டும் என்று ஐயரோடு வாதாடினேன். தேய்பிறைத் தசமி வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று பவளம் ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டாள்.

ஒவ்வொரு திதிக்கும் டேவிட் வந்து, சப்பணமிட முடியாமல் கால் நோக இருந்து, வாழையிலையில் சாப்பிட்டுப் போகிறான். பவளம் அவனுக்கு இரண்டாம் தரம் பாயாசம் விடுகிறாள். நான் கடவுளுக்கு நடைமுறை சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். எங்களைப் போலக் காத்திருக்கிறவர்கள் இந்தக் கோயிலில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேளுங்கள். கேட்கப் பயமான கேள்வியையே கேளுங்கள். தனியே நிற்காமல், வீட்டிலிருப்பவரையும் கூட்டிக்கொண்டு வந்து கேளுங்கள். வருகிற பதிலோடு நீங்கள் அழ வேண்டியிருக்கலாம். ஆனாலும் முருகன் பதில் தருவான். எங்களுக்கு அது அந்தக் கடிதமாக வந்தது 2015 பெப்ரவரி 19, வியாழக்கிழமை.