கடிக்காத ஷூ

இடது காலின் சுண்டுவிரலை எடுத்த பிறகு டாக்டர் இரண்டு உத்தரவு போட்டார். வலது காலையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. சர்க்கரை குறைய உடற்பயிற்சி செய்ய வேண்டும், ஆனால் அதிகம் நடக்கக் கூடாது என்பது இன்னொன்று. முப்பது வருஷம் திண்டுக்கல்–பழநி பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்தவன் நான். உட்கார்ந்து செய்கிற எதையும் வேலையாகவே மதித்ததில்லை.

"துடுப்பு போடுற மாதிரி ஒரு மிஷின் இருக்கு. ஜிம்முல கேளுங்க" என்றார். குடிதண்ணீர் லாரியில் வருகிற ஊரில் துடுப்பு! சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஜிம் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே ஆஞ்சநேயர் படம், ஊதுபத்தி வாசனை; ஆகவே தெருவில் போட்ட செருப்போடு யாரும் உள்ளே போகக் கூடாது. டாக்டரோ வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றிருந்தார். அங்கே மட்டும் போட ஒரு புது ஷூ வேண்டியதாயிற்று.

"சோல் மெத்துன்னு இருக்கக் கூடாது சார்" என்றார் பயிற்சியாளர். "நீங்க காலால தள்ளுற பலம் அம்புட்டும் ஸ்பாஞ்சுலயே போயிரும். தட்டையா, கெட்டியா பாருங்க." டாக்டரிடம் கேட்டால், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், விரல் நெருங்காமல் முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும் என்றார். இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டி, பேசி முடித்துவிட்டுக் கதவைத் தட்டுங்கள் என்று சொல்லலாம் போல் எரிச்சலாக வந்தது.

கால் வீங்கியிருக்கும் நேரத்தில்தான் ஷூ வாங்க வேண்டும் என்று சாயங்காலமாகப் போனோம், நானும் மனைவியும். கடைக்காரர் எடுத்துப் போட்ட முதல் ஜோடியை மாட்டிக்கொண்டு நாலு நடை நடந்தேன்.

"எங்கயாச்சும் கடிக்குதா சார்?"

"இல்லவே இல்ல. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றேன். பில் போடவும் சொல்லிவிட்டேன்.

கழற்றிய வலது ஷூவுக்குள் மனைவி கையை விட்டாள். ஷூவின் மூக்கு அமுங்காமல் இருப்பதற்காகக் கம்பெனியில் திணித்து அனுப்புகிற காகிதம், நசுங்கிய உருண்டையாக வெளியே வந்தது. அதன் மேல் ஐந்து விரலையும் நெரித்துக்கொண்டுதான் நான் நடந்திருக்கிறேன். கடைக்காரர் எடுக்க மறந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் கடையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் வெறுங்காலோடு பழநிக்கு நடந்தவன் நான். ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் கொப்புளம் உடைந்து உயிர் போகும். கடைசியாக நடந்த வருஷம் மட்டும் ஒரு வலியும் இல்லை. தார் ரோட்டின் சூடுகூடத் தெரியவில்லை. முருகன் கண் திறந்துவிட்டான் என்று மலைமேல் நின்று அழுதேன். வந்து தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னேன். சுண்டுவிரலைத் தின்ற புண் அந்த நடையில்தான் வந்தது. அருள் என்று நான் கும்பிட்டது, நரம்பு செத்துப் போனதை. நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு என் ஷூவைத் தேர்ந்தெடுத்தது அவள் கைதான். ஒவ்வொன்றுக்குள்ளும் விரலை விட்டுத் தையல் தையலாகத் தடவினாள். "ஏனுங்க, இது உள்ள முண்டுதுங்க. வேண்டாம்." ஏழெட்டு ஜோடி தள்ளி, தட்டையான சோலும் அகலமான மூக்கும் உள்ள கான்வாஸ் ஷூ ஒன்று கிடைத்தது. உள்ளே மெத்து ரப்பரை வெட்டிப் போட்டோம். ரத்தம் வந்தால் தெரியட்டும் என்று வெள்ளை சாக்ஸ் வாங்கினோம்.

மூன்று வாரம் துடுப்பு போட்டேன். சட்டை நனைய வேர்த்தது, சர்க்கரையும் இறங்கியது. பிழைத்துக்கொள்வேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்த மிஷினில் பாதத்தை வைத்து மேலே ஒரு வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். இறுகிவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. அதனால் தினமும் இன்னும் ஓர் இழுப்பு இழுப்பேன். ஷூவுக்குள் அத்தனை தடவிப் பார்த்த நாங்கள், மேலே அழுத்தப்போவதை யோசிக்கவில்லை. கான்வாஸ் வெறும் துணிதானே. வாரின் அழுத்தம் அப்படியே விரலில் இறங்கியிருக்கிறது. பாதத்தின் அடியை அவள் தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மேலே லேசாகச் சிவந்திருந்ததை சாக்ஸ் தடம் என்று விட்டுவிட்டோம்.

நான்காவது வாரம் சொந்தத்தில் ஒரு சாவு; துஷ்டிக்காகத் தொப்பம்பட்டிக்குப் போனவளுக்கு மூன்று நாள் தங்கும்படி ஆகிவிட்டது. தினமும் போனில் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். வலித்தால்தானே குனிந்து பார்க்கத் தோன்றும். அவள் வந்து சாக்ஸைக் கழற்றியபோது அது வலது கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"விரலை எடுத்துருவோம். காலைக் காப்பாத்த முடியுமாங்கறத அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு முதல் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் வலிச்சாக்கூடப் போதுமுங்க, உள்ள உசுரு இருக்குதுன்னு அர்த்தம். தொட்டுப் பாக்கறனுங்க. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

மூடிக்கொண்டேன். வலிக்க வேண்டும் என்று வேண்டினேன். அவளுக்காகவாவது வலிக்க வேண்டும். செத்த நேரம் கழித்து, கட்டைவிரலில் சுருக்கென்று ஏதோ பட்ட மாதிரி இருந்தது.

"தெரியுது" என்றேன். "வலிக்குது. நெசமாவே வலிக்குது."

"இன்னும் தொடலீங்க" என்றாள்.