முள் எண்பதில் நின்றது

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். வாலாஜாபாத்தில் என் மைத்துனன் வீடு கட்டி முடித்திருக்கிறான். ஒன்பது மணிக்குப் பால் காய்ச்சுகிறார்கள். தாம்பரம், முடிச்சூர், படப்பை, ஒரகடம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். எனக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரச் சொல்லியிருந்தோம். பத்து மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய், சாப்பாடு நம் பொறுப்பு. வந்தவர் பெயர் வேலு. சேலையூர்க்காரர், அறுபதை நெருங்குகிறவர். அவர் பக்கத்தில் நானும், பின்னால் என் மனைவி சுமதியும் சீர்த்தட்டுகளும்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மழை என்றால் முழங்கால் தண்ணீர். ரோட்டை உயர்த்திப் போடுவார்கள், வீடு பள்ளத்துக்குப் போகும். பிறகு வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். வீட்டைத் தூக்குகிற ஊரில் காரைத் தூக்குவதா பெரிது என்று, இந்த மழைக்கு முன் குரோம்பேட்டையில் கொஞ்சம் பெரிய டயராகப் போட்டுக்கொண்டு வந்தேன். தெருவில் பாதிப் பேர் செய்ததுதான். இந்த மழையில் என் காருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்தப் பெருமையை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தாம்பரம் மேம்பாலத்திலேயே அரை மணி போயிற்று. முடிச்சூர் சாலையில் ஊர்ந்தபோது வேலு தானாகப் பேசினார்.

"அடுத்த மாசம் லைசென்ஸ் ரின்யூவல் சார். டாக்டர்கிட்ட கண்ண காட்டி சர்ட்டிபிகேட் வாங்கணும். எம் பொண்ணு, போதும்ப்பா, வூட்ல குந்துன்றா. குந்திகினா சோறு எறங்குமா சார்?"

"உங்களுக்கென்ன, நல்லாத்தானே ஓட்டறீங்க" என்றேன்.

படப்பை சந்தைக் கூட்டம் தாண்டியபோது மணி எட்டு பத்து. சாலை அகலமானது. எனக்கு நிலைகொள்ளவில்லை. "லிமிட் எண்பதுதான் வேலு, எண்பதிலேயே பிடிங்க, நேரமாச்சு" என்று நான்தான் சொன்னேன். அவர் பிடித்தார். மீட்டர் முள் எண்பதிலேயே நின்றது, நானும் பார்த்தேன்.

ஒரகடம் தாண்டியதும் போக்குவரத்துக் காவலர்கள் கை காட்டினார்கள். வேகம் பார்க்கும் கருவியில் எண்பத்தேழு. அபராதம் கார் எண்ணுக்கு வரும் என்றார் அதிகாரி. வேலுவின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"இந்த வயசுல என்னங்க அவசரம்? இன்னொரு தடவை மாட்டினா சஸ்பெண்ட்தான்."

"சார், எண்பதுதான் சார் போனேன்" என்றார் வேலு. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "எத்தனை தடவை சொன்னேன், பார்த்து ஓட்டுங்கன்னு. மீட்டரைப் பார்க்க வேணாமா?" என்று அத்தனை பேர் முன்னால் அவரைக் கடிந்துகொண்டேன். ஒரு தடவைகூட நான் அப்படிச் சொல்லவில்லை. அதிகாரியிடம் நல்ல பிள்ளை ஆக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே மீட்டரை விட்டுக் கண் எடுக்காமல் வந்தேன். சாலையோரக் கிலோமீட்டர் கற்களையும் எண்ணினேன். பன்னிரண்டாவது கல் வந்தபோது மீட்டர் பதினோரு கிலோமீட்டர்தான் ஏறியிருந்தது. அப்போதுதான் டயர் நினைவுக்கு வந்தது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் மீட்டருக்குத் தெரியும். சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது பழைய டயரின் கணக்கு. பெரிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் தூரம் போகிறது. ஊருக்குள் முப்பதில் போனால் பிழை மூன்றுகூட வராது, யாருக்கும் தெரியாது. எண்பதில் அது ஏழாகிவிடுகிறது. நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். வட்டத்தின் சுற்றளவு இருபது வருடமாக என் வாயில் வருவது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் சுமதி இருந்தாள். கத்தியவன் நான். வாயை மூடிக்கொண்டு வாலாஜாபாத் வரை வந்தேன்.

பால் பொங்கியது, இலை போட்டார்கள். வேலுவைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். காரில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா. இனிமே வண்டி எடுக்கல. முள்ளு எண்பதுல நின்னுகினு கீது, ஆனா எண்பத்தேழுன்றாங்கோ. கண்ணு பூட்ச்சும்மா. யார் மேலனா ஏத்திட்டா பேஜாராய்டும்."

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். "வேலு, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. தப்பு என் டயர்ல" என்று டயர் கணக்கைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டார்:

"அப்போ என் கண்ணுல ஒண்ணும் இல்லியா சார்?"

"ஒண்ணும் இல்ல."

"நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்க சார்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "உங்களுக்கு இது எப்ப சார் தெரிஞ்சுது?" என்றாள்.

"வரும்போதே தெரிஞ்சுதும்மா."

"சரி சார். அப்பாகிட்ட குடுங்க" என்றாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த வேலு, என் முகத்தைப் பார்க்காமலே போனை வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். முள் எழுபதைத் தொடுவதற்குள் வேலு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஒரகடத்துத் தொழிற்சாலைகள், படப்பைப் பழக்கடைகள், முடிச்சூரில் தேங்கி நின்ற மழைத் தண்ணீர் எல்லாம் ஜன்னலில் போயின. தாம்பரத்தில் சுமதி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டு வாசலில் காரை ஓரமாக, ஒழுங்காக நிறுத்தினார். சாவிக்காக நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "வரேன்மா" என்று சாவியைச் சுமதியிடம் கொடுத்துவிட்டு, தாம்பரம் பஸ் பிடிக்க நடந்தார்.