பனியில் இறங்கிய கோவில்பட்டிக்காரர்

மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் வேலைக்குப் போகும் ரயிலுக்காக நின்றபோது வசந்தா அக்காவின் அழைப்பு வந்தது. "அவர் போயிட்டாரும்மா. தூக்கத்துலேயே..." வந்த ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்காவின் கணவர் செல்வராஜ் அண்ணாவை எங்கள் ஐஸ் ஹாக்கிக் குழுவில் அறியாதவர் இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஹென்டர்சனில் எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் கோவில்பட்டி. அந்த ஊரில் ஹாக்கி தெரியாமல் வளர்வது, எங்கள் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் தெரியாமல் வளர்வது போல என்று அவர் பேச்சைக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

ஹென்டர்சனில் புதிய பனி அரங்கம் திறந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். 'ஹாக்கி பழக வாருங்கள்' என்ற அறிவிப்பை மட்டும் நம்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த மட்டையோடும் அரைக்கால் சட்டையோடும் மனிதர் வந்து நின்றார். மகளோடு நான் தமிழில் சண்டை பிடிப்பதைக் கேட்டு நேரே என்னிடம் வந்தார். "என்ன தங்கச்சி, தரையெல்லாம் உறைஞ்சு கெடக்கு? புல்லு எங்க?"

"அண்ணா, இது ஐஸ் ஹாக்கி. சறுக்கித்தான் விளையாடோணும்" என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வேறு ஆளாக இருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பார். இவர் சறுக்குச் சப்பாத்தை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி பனியில் இறங்கினார். விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். அவரைப் பார்த்து ரோஷம் வந்துதான் நானும் சேர்ந்தேன்.

கோவில்பட்டியில் அவர் எப்போதும் மாற்று ஆட்டக்காரர். உடுப்பு மாற்றி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுவார்களா என்று பார்த்தே இளமை போய்விட்டது என்பார். ஐஸ் ஹாக்கியில் யாராலும் தொடர்ந்து ஆட முடியாது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வெளியே வந்து உட்கார வேண்டும், அடுத்தவர் இறங்க வேண்டும். இது விளங்கிய நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தங்கச்சி, இந்த ஆட்டத்துல பெஞ்சுல உக்காராத ஆளே கெடையாது. எல்லாருக்கும் முறை வருது!" அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் அவருடைய மூச்சு சரியில்லை என்று பட்டது. நான் ஆஸ்பத்திரியில் தாதி, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "டொக்டரிட்டப் போங்கோ அண்ணா, இல்லையெண்டா அக்காட்டச் சொல்லிப்போடுவன்" என்றேன். போனார். இதயம் பலவீனமாக இருக்கிறது, இனிப் பனியில் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "உங்க வாயால கெட்டேன் தங்கச்சி" என்றார் சிரித்துக்கொண்டே. கண் சிரிக்கவில்லை.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை தலைக்கவசம் உட்பட எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த முறை, கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்தார். மூச்சு வாங்கி யார் வெளியே வந்தாலும், சற்று நகர்ந்து, உருகிக் கிடந்த பனித்தண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்து, "உக்காரு, உக்காரு" என்பார். கோல் விழுந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை ஆட்டத்தை நிறுத்தலாமா என்று குழுவில் கேட்டார்கள். "ஆடுங்க, நிறுத்தினா அவர் கோவிச்சுக்குவாரு" என்று சொன்னவர் வசந்தா அக்காதான்.

ஆடினோம், தோற்றோம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நகர்ந்து கொடுக்கும் பழக்கம் மட்டும்தான். அதையும் நான் இன்னும் சரியாகப் பழகவில்லை. அன்றைய ஆட்டத்தில் முதல் முறை மூச்சிரைக்க வெளியே வந்தபோது, அண்ணா நகரட்டும் என்று பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.