செருப்படி வாங்கின ரஜாய்

எம்மூஞ்சில கண்ணுக்குக் கீழ ஒரு கோடு கீது பாருங்க, அத்த மொதல்ல சொல்லிடறேன். பாக்கறவங்க கத்திக்குத்துல வாங்கினதுன்னு நெனச்சிக்கினு கொஞ்சம் தள்ளி நின்னுதான் பேசுவாங்க. நானும் இல்லன்னு சொல்றதில்ல. மயிலாப்பூர்ல வூடு வூடா தண்ணி கேன் தூக்கறவனுக்கு வேற எப்ப அந்த மரியாத கெடைக்கும்? ஆனா உண்மை இன்னான்னா, பூன பொறாண்டினது. எம்பொண்ணு பால் ஊத்தி வளத்த வெள்ளப் பூன.

பொண்ண கொட்டிவாக்கத்துல குடுத்திருந்தோம். தலப்பிரசவம். வளைகாப்பு முடிஞ்சி அம்மா வூட்டுக்கு வரணும், அதான மொற. சம்பந்தியம்மா குறுக்க வுயுந்துட்டாங்க.

“ஒங்க வூட்ல பூன கீது. அது முடி மூக்குல ஏறினா பொறக்கற புள்ளைக்கு வீசிங் வரும். நானே கூட்டிக்கினு வருவேன், படுக்கைய தடவிப் பாப்பேன். ஒரு முடி கைல ஒட்டிச்சின்னா அப்டியே திருப்பி இட்டுக்கினு பூடுவேன். பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும்.”

அன்னிலேந்து எம்பொண்டாட்டிக்கு சோறு எறங்கல. பொண்ணு போன் போட்டு, “நைனா, எனக்கு அம்மா கூட இருக்கணும். எதாவது பண்ணு நைனா”ன்னு அழுவுது. நான் இன்னா பண்ணுவேன்? “நான் கீறேன் கண்ணு”ன்னு சொன்னேன். நான் இருந்து எந்தக் காரியம் நல்லா முடிஞ்சிருக்குன்னு அதுவும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

வர வேண்டிய நாளு வெள்ளிக்கெழம. ராகுகாலம் முடிஞ்சி பன்னெண்டு மணிக்கு மேல கெளம்பறோம்னு சொல்லிட்டாங்க. காலீல எம்பொண்டாட்டி உள் ரூமைத் தொறந்தவ போட்ட சத்தத்துல கைல இருந்த கேனை கால்ல போட்டுக்கினேன். வளைகாப்புக்கு சம்பந்தியம்மா ஆசையா எடுத்துக் குடுத்த ரஜாய் ஒண்ணு, பஞ்சு வெச்சித் தெச்ச போர்வ, பொண்ணு சாமானோட முன்னாடியே வந்திருந்திச்சி. நல்ல மெரூன் கலரு, வெல்வெட்டு. பொண்ணு அத்த ரெண்டு நாள் போத்திக்கினு படுத்திருக்கும் போல. அது வாசனைய புடிச்சிக்கினு பூன உள்ள பூந்து, அது மேலயே குடித்தனம் நடத்தியிருக்கு. மெரூன் மேல வெள்ள முடி. இட்லி மாவு கொட்டி காஞ்ச மாதிரி.

“மொதல்ல அத்தப் புடி”ன்னா.

புடிச்சேன். புடிச்சேன்னா, அது என்ன புடிச்சிது. கட்டிலு அடில பூந்து வால இயுத்தேன். பந்து மாதிரி சுருண்டு எம்மூஞ்சிக்கே வந்திச்சி. கன்னம் கியிஞ்சிது. காதக் கடிச்சிது. சட்டையெல்லாம் ரத்தம். நான் கத்தறேன், அது கத்துது, எது யாரு சத்தம்னு தெரியாம பக்கத்து போர்ஷன்காரங்க ஜன்னல சாத்திக்கினாங்க. கடைசீல கோணிப்பைய போட்டு அமுக்கி, மூடி வெச்ச பிளாஸ்டிக் கூடைல தள்ளினேன். பெருங்குடிலேந்து எம்பொண்டாட்டியோட தம்பி, எம்மச்சான், வண்டி எடுத்தாந்து வாங்கிக்கினான். எம்மூஞ்சப் பாத்துட்டு, “மாமா, பூனைய குடுத்தியா, பூன உன்ன குடுத்திச்சா?”ன்னு கேட்டுட்டு பூட்டான்.

அடுத்தது ரஜாய். தண்ணீல முக்குனா சாய்ந்திரம் வரைக்கும் காயாது. அடிச்சிதான் முடிய எடுக்கணும்னு நானே முடிவு பண்ணேன். தெருப் பசங்களோட கிரிக்கெட் மட்ட ஒண்ணு எங்க வூட்லயே தங்கிடுச்சி, அத்த எடுத்துக்கினு மொட்ட மாடிக்குப் போனேன். கைப்புடிச் சுவத்து மேல ரஜாய்ய தொங்கவுட்டு வுட்டேன் பாருங்க அடி! கேன் தூக்கற தோளு. சம்பந்தியம்மாவ நெனச்சிக்கினு ரெண்டு, பூனைய நெனச்சிக்கினு நாலு. ஒவ்வொரு அடிக்கும் முடி பொகை மாதிரி கெளம்புது. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்.

மெட்ராஸ்லயே பொறந்து, மெட்ராஸ்லயே நர வுயுந்தவன் நானு. உச்சி வெயில்ல கடக்காத்து ஏறும்னு கைக்கொயந்தைக்குத் தெரியும். நான் கடல் பக்கமா நின்னுக்கினு அடிச்சேன். பறந்த முடி மொத்தமும் அந்தக் கோடிக்குப் போயி, மேல் போர்ஷன் மாமி வேட்டி விரிச்சிப் பியிஞ்சி வெச்சிருந்த ஈர வடாம் மேல எறங்கிடுச்சி.

“ஏன்னா! ஓடி வாங்கோ! வடாம் பூரா ரோமம்!”

மாமா வந்தாரு. ரிட்டயர் ஆனவரு, ஒல்லி ஒடம்பு, ஊதினா சாந்தோம்ல போயி வுயுவாரு. ஆனா கைல மடிக்கோல். ஈரத்துணிய ஒசரக் கொடில போடற நீட்டு மூங்கிலு.

“அறிவிருக்காடா நோக்கு? விடிகாலம்பற எழுந்துண்டு அவ பிழிஞ்சிருக்காடா! ஒரு வருஷத்துக்கு வடாம்டா!”

மொத போடு தோள்ல. ரெண்டாவது மொயங்கால்ல. மூணாவது எங்கன்னு சொல்ல முடியாது. வயசான மனுசன், திருப்பி அடிக்கக் கூடாது. அடிச்சாலும் அந்தக் கோலு நீட்டுக்கு எங்கை எட்டாது. ரஜாய்ய இயுத்து தலையோட போத்திக்கினு உக்காந்துட்டேன். மேல சடசடன்னு வுயுது. வெல்வெட்டா இருந்ததால மண்ட ஒடையல.

அந்நேரம் பாத்து எம்பொண்டாட்டி மேல வரா. அடி வாங்கறவனக் காப்பாத்துவான்னு பாத்தா, ரஜாய்ய உத்துப் பாக்கறா. மேலாக்க லூசா கெடந்ததுதான் பறந்து போயிருக்கு; வெல்வெட்டுல குத்திக்கினு நின்ன முடி எல்லாம் அப்டியே நிக்குது.

“பாவி! இன்னும் பூரா முடிய்யா!”ன்னு கால்ல இருந்த பாத்ரூம் செருப்பக் கயட்டினா. ரப்பர் செருப்பு. அப்பதான் கயுவி வுட்டுட்டு வந்த ஈரம். முதுவுல ஒண்ணு வெச்சா. ஆத்திரம் தீரல, செருப்ப அப்டியே அமுக்கி முதுவுக்குக் கீய வரைக்கும் இயுத்தா. மறுபடி வெச்சா, மறுபடி இயுத்தா.

“நிறுத்துடி! மொதல்ல அதப் பாரு!” இது மாமி.

நானும் தலைய வெளிய நீட்டிப் பாத்தேன். செருப்பு இயுத்த எடத்துல முடியெல்லாம் தெரண்டு உருண்டு, திரி மாதிரி வந்து நிக்குது. அந்த எடம் மட்டும் கடைல எடுத்த மெரூன். மாமாவே ஓங்கின கோல கீய வெச்சிட்டாரு.

எம்பொண்டாட்டிக்கு அங்கயே அயுக வந்துடுச்சி. பொண்ணு வரது, சம்பந்தியம்மா தடவிப் பாக்கப் போறது, எல்லாத்தையும் கொட்டிட்டா.

“மொதல்லயே சொல்லப்படாதா? எங்காத்து ரேழில தவழ்ந்த கொழந்தைடி அவ. செருப்ப நன்னா அலம்பிண்டு வா”ன்னு மாமி பொடவைய இடுப்புல சொருவினாங்க. மாமா என்னப் பாத்து, “நாளைக்கு மாவு நீதான் கிளறணும். நீதான் பிழியணும்”னாரு. மொயங்காலப் புடிச்சிக்கினே சரின்னேன்.

நாலு பேரும் ஆளுக்கொரு செருப்போட உக்காந்தோம். அமுக்கு, இயு. அமுக்கு, இயு. மாமா பல்லக் கடிச்சிக்கினு தேய்க்கறாரு. எங்கைத்தோலு உரிஞ்சி எரியுது. வந்த முடிய உருட்டினா பூனையே திரும்பி வந்துட்ட மாதிரி ஒரு உருண்ட. கடைசி மூலைக்கு வந்தோம். தையலுக்குள்ள மாட்டினது மட்டும் வரல. ஓங்கி ஓங்கி அந்தத் தையல் மேலயே செருப்பால சாத்திக்கினு இருந்தோம்.

“இன்னா நடக்குது இங்க?”

படிக்கட்டுல சம்பந்தியம்மா. பின்னாடி வயித்தப் புடிச்சிக்கினு எம்பொண்ணு. கீய கதவு தொறந்து கெடக்கு, ஆளில்ல, மாடில சத்தம் கேட்டு ஏறி வந்திருக்காங்க.

“நான் பாத்துப் பாத்து வாங்கின ரஜாய்ய நாலு பேரு சேந்து செருப்பால அடிக்கிறீங்களா? அப்ப அது யார அடிக்கறது? என்னத்தான?”

நான் வாயத் தொறந்தேன். அது எப்பவுமே நான் பண்ற தப்பு. “இல்லீங்க சம்பந்தியம்மா, ஒங்கள நெனச்சிக்கினு அடிச்சதெல்லாம் முன்னாடி. அப்ப மட்டைல...”

எங்கைல இருந்த செருப்ப புடுங்கி எந்தலைலயே ஒண்ணு போட்டாங்க. மாமா கண்ண மூடிக்கினாரு. போடட்டும்னு வுட்டுட்டு எம்பொண்டாட்டி எயுந்து நின்னா.

“இன்னும் வேணாலும் அடிங்க. ஆனா சொன்ன வார்த்த சொன்னதுதான? தடவிப் பாருங்க.”

சம்பந்தியம்மா குனிஞ்சாங்க. உள்ளங்கையால தடவினாங்க. கைய வெயில்ல காட்டிப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல. திருப்பிப் போட்டுத் தடவினாங்க. மூலைக்கு வந்தாங்க. தையல நகத்தால கீறிப் பாத்தாங்க. சுத்தம். கடைசியா சாத்தின சாத்துல அதுவும் வந்துடுச்சி போல. எம்பொண்ணு அம்மா தோள்ல மூஞ்ச வெச்சிக்கிச்சி.

“ரஜாய் நல்லாத்தான் கீது. இந்தாளு?”

எல்லாரும் என்னப் பாத்தாங்க. அடிச்சது, போத்தினது, தேய்ச்சது, அம்புட்டு முடியும் வேர்வைல ஒட்டிக்கினு எம்மேலதான் கீது. புருவம், காது, லுங்கி. சம்பந்தியம்மா எம்மீசைலேந்து ஒண்ண வெடுக்குன்னு புடுங்கினாங்க.

“இது இன்னா?”

“நர முடிங்க.”

“நர முடி பட்டு நூலாட்டமா இருக்கும்?”

எம்பொண்டாட்டி என்ன ஒரு தரம் பாத்தா, பொண்ண ஒரு தரம் பாத்தா. யோசிக்கவே இல்ல. “பொண்ணு இருக்கட்டும் சம்பந்தியம்மா. இத்த பெருங்குடிக்கு அனுப்பிடறேன்.”

மறுநாள் வடாத்தப் பியிஞ்சி குடுத்துட்டு கெளம்பினேன். பேத்தி பொறந்து, அதுக்கு மூணு மாசம் ஆவற வரைக்கும் மச்சான் வூட்ல பூனையோடதான் எனக்குப் படுக்க. அது எந்நெஞ்சு மேலதான் தூங்கும். மூஞ்சக் கியிச்சதுக்கு அதுக்கு ஒரு வருத்தமும் இல்ல.

காலீல மயிலாப்பூர்ல கேன் போடற லைன் முடிச்சிட்டு, பொண்ணையும் பேத்தியையும் பாக்கப் போவேன். கேட்டுலயே எம்பொண்டாட்டி நிறுத்திடுவா. கைல ஈர ரப்பர் செருப்பு. தோள்லேந்து முட்டி வரைக்கும் அமுக்கி இயுப்பா. தெருவே பாக்கும். இஸ்திரி போடறவன் வண்டீலேந்தே கத்துவான்.

“இன்னா நைனா, இன்னிக்கும் வாங்கினியா?”

“முன் பக்கம் ஆச்சிடா, இரு”ம்பேன்.

“திரும்பு”ன்னுவா அவ. திரும்புவேன். உள்ள கொயந்த அயுவற சத்தம் கேக்கும். “சீக்கிரம் அடிம்மே”ன்னுவேன்.