பெயில் கேட்ட உண்ணாமலை

"திருமதி ஐ. உண்ணாமலை, சொக்கன்விடுதி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். புதிய கற்றல் முறைகளை ஆர்வத்துடன் வரவேற்று, அவை குறித்துப் பெற்றோரிடையே தொடர்ந்து விழிப்புணர்வு ஏற்படுத்திவருபவர்."

கல்வித்துறையினர் போட்ட பளபளப்பான மலரில் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. படத்தில் உண்ணாமலை கைகட்டி நிற்கிறாள். ஆர்வம் என்று சொல்லத்தக்க எதுவும் அந்த முகத்தில் இல்லை. விழிப்புணர்வு ஏற்படுத்தியது மட்டும் உண்மை. பள்ளிக்கூடத்தில் இப்போதெல்லாம் வாய்ப்பாடு சொல்லவைப்பதில்லை, கோட்டுக்குள் எழுதவைப்பதில்லை, கையில் அட்டையைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்துப் பாடவிடுகிறார்கள் என்று சொக்கன்விடுதியில் வீடு வீடாகப் போய்ச் சொன்னது அவள்தான்.

பழமையை விரும்புகிறவள் என்று இவளைச் சொன்னால் ஊரார் சிரிப்பார்கள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, லாரி ஓட்டிக்கொண்டு வந்த ஐயனாரைத் தானே போய்க் கேட்டுக் கட்டிக்கொண்டவள். ஊரில் முதலில் ஸ்கூட்டர் ஓட்டிய பெண்பிள்ளை. தஞ்சாவூர் சாலையோரம் கீற்றுக் கொட்டகை போட்டு முந்திரி வறுத்து விற்கிறவர்களில், கொட்டகைக் காலில் க்யூஆர் அட்டையை முதலில் ஒட்டியவளும் இவள்தான். உலகத்தில் எல்லாம் மாறலாம், மாறவும் வேண்டும், பள்ளிக்கூடம் மட்டும் தான் படித்தபோது இருந்தது மாதிரியே இருக்கவேண்டும் என்பது அவள் கட்சி.

அவள் படித்தபோது அதே பள்ளிக்கூடம் அவளை ஐந்தாம் வகுப்பில் இரண்டு தடவை பெயிலாக்கியது. இரண்டாவது தடவையோடு அப்பா அவளை முந்திரி உடைக்க அனுப்பிவிட்டார். இதை யாராவது எடுத்துக்காட்டினால், அஞ்சாவது ரெண்டு வருசம் படிச்சதாலதான் இன்னைக்கும் அஞ்சாவது கணக்கு மறக்கல என்பாள். அதற்கு மேல் அவளோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை.

அவள் மகள் ரஞ்சிதா மூன்றாம் வகுப்பு. கெட்டிக்காரிதான். பாட்டு, கதை, பேச்சு எதிலும் குறைவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் கொட்டகையில் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவள், தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்துக் கந்தர்வக்கோட்டை வண்டி வருதும்மா என்றாள். பக்கத்தில் வந்தபோது பார்த்தால் பட்டுக்கோட்டை வண்டி. போர்டு பெரிய எழுத்தில் கண்ணெதிரே நின்றது. எப்படிடீ சொன்ன என்று கேட்டதற்கு, பச்சைக் கலரு வண்டிம்மா என்றாள். போர்டைப் படிக்கச் சொன்னாள் உண்ணாமலை. மகள் முதலெழுத்தைச் சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து மிச்சத்தைத் தேடினாள்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி அட்டை கொடுத்தார்கள். எல்லாக் கட்டத்திலும் நட்சத்திரம். அடியில், நான்காம் வகுப்புக்குத் தேர்ச்சி.

அட்டையை எடுத்துக்கொண்டு உண்ணாமலை தலைமையாசிரியை பிரகதீஸ்வரியிடம் போனாள். புதுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகிறவர் அவர். புதிய முறையில் மனப்பூர்வமான நம்பிக்கை உள்ளவர். அட்டைகளைத் தன் கையாலேயே வெட்டி வண்ணம் தீட்டியிருந்தார். முதல் மூன்று வகுப்புக்கும் ஒரே அறையில் அவர்தான் டீச்சர். நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில் இன்னொருவரிடம்.

"டீச்சர், எம்புள்ளைய பெயிலாக்கிருங்க."

பிரகதீஸ்வரி எத்தனையோ பெற்றோரைப் பார்த்தவர். இப்படி ஒரு விண்ணப்பம் அவர் வேலைக்கு வந்தபிறகு வந்ததில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரையும் நிறுத்திவைக்க முடியாது, அது தன் கையில் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

உண்ணாமலை தன் தொழிலிலிருந்து பேசினாள். உடைத்த பருப்பை முழுசு, பாதி, நொறுக்கு என்று பிரிக்கிறோம். பாதிப் பருப்பு கேவலமில்லை, பாயசத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் அதை முழுப்பருப்புப் பொட்டலத்தில் போட்டால் அது ஏமாற்று.

"புள்ளைங்க பருப்பு இல்லீங்க உண்ணாமலை. பருப்பு ஒருக்கா ஒடஞ்சா ஒடஞ்சதுதான். புள்ள அடுத்த வருசம் ஒட்டிக்கும்" என்றார் டீச்சர்.

இது நல்ல பதில் என்று உண்ணாமலைக்கே பட்டது. அதனால் கோபம் கூடியது. டீச்சர் மேலும் ஒன்று சொன்னார். புதிய முறையில் பிள்ளைகளை வகுப்பு பார்த்து உட்காரவைப்பதில்லை, எந்த அளவுக்கு வாசிக்கிறார்களோ அதற்குத் தக்கபடிதான். ரஞ்சிதா ஏற்கெனவே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது.

ஆக, உண்ணாமலை கேட்டதைத்தான் அவள் வெறுக்கிற புதிய முறை சத்தம்போடாமல் செய்துகொண்டிருந்தது. இதைக் கேட்டு அவள் சமாதானமாகியிருக்கவேண்டும். ஆகவில்லை. ரெண்டாவதுல ஒக்காந்திருக்க புள்ளைக்கு நாலாவது பாஸுன்னு எப்படி எழுதுனீங்க, செய்யறதச் சொல்லணும்ல, சொல்லாம வச்சிருந்தா பெத்தவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். டீச்சர் அட்டையை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக்கொடுத்தார். ஜூனில் ரஞ்சிதா பக்கத்து அறைக்குப் போவாள், அங்கே முழுப் பாடப்புத்தகம், எழுத்துக்கூட்ட நேரமில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

ஊரில் உண்ணாமலையின் கட்சிக்கு ஆள் சேரவில்லை. மற்ற தாய்மார்களுக்கு நட்சத்திர அட்டை பிடித்திருந்தது. அந்த நேரத்தில்தான் நாகராசு வந்து சேர்ந்தார்.

நாகராசு முன்னாள் ஊராட்சித் தலைவர், ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். பதவிக்காலம் முடிந்தும் எந்தக் கூட்டத்திலும் மேசைக்குப் பின்னால் நடுவில் நாற்காலி போட்டுக்கொள்கிறவர். புல்லட்டை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் வந்து, சூடு ஆறாத பருப்பைக் கேட்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பண்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிரம்பு போனதோடு மரியாதை போயிற்று. பரீட்சை போனதோடு பயம் போயிற்று. பழைய முறை திரும்ப வேண்டும். அவர் பேரன் புதுக்கோட்டையில் இங்கிலீஷ் மீடியத்தில் வேன் வைத்துப் படிக்கிறான் என்பதோ, அவரே படிக்கிற காலத்தில் இதே பள்ளிச்சுவரை ஏறிக் குதித்து ஓடியவர் என்பதோ அவர் பேச்சின் வேகத்தைக் குறைக்கவில்லை.

மே ஒன்றாம் தேதி கிராமசபையில் தீர்மானம் கொண்டுவரலாம் என்றார். இரண்டு பகுதி. ஒன்று, தேறாத பிள்ளையைப் பெற்றோர் விரும்பினால் அதே வகுப்பில் நிறுத்த வழிசெய்ய வேண்டும். இரண்டு, தலைமையாசிரியையை மாற்ற வேண்டும்.

"ரெண்டாவது எதுக்குண்ணே" என்றாள் உண்ணாமலை.

"அந்தம்மா இருக்க வரைக்கும் மொதலாவது நடக்குமா தங்கச்சி?"

இரண்டாவதற்கான காரணம் ஊருக்கே தெரியும். அந்தப் பக்கத்து ஊர்களில் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள். பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டு, வருகிறவர்கள் மொய் எழுதிவிட்டுப் போகிற விருந்து. போன ஆடியில் நாகராசு தன் விருந்துக்குப் பள்ளி மைதானத்தைக் கேட்டார். முன்பிருந்த தலைமையாசிரியர்கள் அன்றைக்கு ஒரு விடுமுறை விட்டுவிட்டுத் தாங்களும் வந்து பந்தியில் உட்காருவார்கள். பிரகதீஸ்வரி, வியாழக்கிழமை பள்ளி நாளாயிற்றே, பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் கேட்டையும் பூட்டிவைத்தார். விருந்து அடுத்த ஊர் மண்டபத்தில் நடந்தது. வாழ்த்து பேனரில் பள்ளி மைதானம் என்றிருந்ததன் மேல் தாள் ஒட்டி மண்டபத்தின் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்து ஊர் சிரித்தது.

"அது வேற, இது வேற அண்ணே" என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதான். பழைய முறை வேணும்னா முழுசாத்தான் வேணும். பழைய வாத்தியாருங்க வாய்ப்பாடும் சொல்லவச்சாங்க, மைதானமும் குடுத்தாங்க."

நாகராசு சொன்னதிலேயே உண்ணாமலையைத் தைத்தது இதுதான். அவள் ஏங்குகிற பள்ளிக்கூடத்தில் அதுவும் ஒரு வழக்கமாகத்தான் இருந்தது. மொய் விருந்து நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, குதித்துக்கொண்டு ஓடியவர்களில் அவளும் ஒருத்தி. நல்ல யோசனை நாகராசு மாதிரி ஆளிடமும், கெட்ட யோசனை பிரகதீஸ்வரி மாதிரி ஆளிடமும் போய் ஏன் மாட்டிக்கொள்கிறது என்று பருப்பைப் பிரித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். பிரித்து முடித்ததும் தீர்மானத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். அவள் பக்கம் பேச வேறு யார் இருக்கிறார்கள்? கொட்டகை நிற்பதும் சாலையோரப் புறம்போக்கில்தான், அது நாகராசு தயவில் நிற்கிறது என்பதை அவர் சொன்னதில்லை, அவள் மறந்ததுமில்லை.

கிராமசபை சமுதாயக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நடந்தது. ஊராட்சி செயலர் அழகுமலை வரவு செலவைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிரகதீஸ்வரி உட்கார்ந்திருந்தார். தீர்மானம் வந்ததும் நாகராசு மைக்கை வாங்கினார். எழுந்துபோனவர்கள் திரும்பி வந்தார்கள்.

அடியாத மாடு படியாது என்று தொடங்கினார். பெத்த பிள்ளை பெயிலாக வேண்டும் என்று போராடும் வீரத்தாய் என்று உண்ணாமலையைக் காட்டினார். உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை எல்லாம் பொறுக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பினார். டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு நம் பிள்ளைகள்மேல் அக்கறை எப்படி இருக்கும் என்றார். பத்து மணிக்கு வருகிறார், மூன்று மணிக்கு வண்டியை எடுக்கிறார், இடையில் பொம்மை காட்டுகிறார் என்றார்.

உண்ணாமலை எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. முந்திரி வியாபாரத்துக்கு வளர்த்த குரல், மைக் வேண்டியதில்லை.

"அண்ணே, தெனம் மொத வறுப்ப எறக்கையில டீச்சர் வண்டி எங்கொட்டாயத் தாண்டும். அப்ப எட்டரை. நான் மணி பாக்குறதே அத வச்சுத்தான். சாயங்காலம் வெளக்கு வக்கிற நேரத்துக்குத்தான் திரும்பும். அவுக சொல்லிக்குடுக்குற முறை எனக்குப் புடிக்கல. இன்னைக்கும் புடிக்கல. அதுக்காகப் பொய் சொல்லக்கூடாது."

நாகராசு சிரித்துச் சமாளித்தார். "சரித்தா, அந்த மணிக்கணக்க விட்டுருவோம். தீர்மானம் ஒன்னோடதுதானே?"

"மொதப் பாதி என்னோடது. ரெண்டாம் பாதி ஒங்களோடது. ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கீங்க, பிரிக்கத் தெரியல. செயலரே, என்னோடதையும் சேத்து அடிச்சிருங்க."

"அப்ப ஒனக்கு என்னதான் வேணும்?"

"எம்புள்ள பெயிலாகணும்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

கூட்டம் சிரித்தது. அழகுமலை பேனாவை எடுத்துத் தீர்மானத்தின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு, தெருவிளக்கு பற்றிய அடுத்த பொருளைப் படித்தார். தன் கையால் கொண்டுவந்ததைத் தன் வாயாலேயே விழவைத்துவிட்டு, மகளுக்கு ஒன்றும் வாங்கித்தராமல், உண்ணாமலை வீட்டுக்குப் போனாள்.

கொட்டகைக்கு ஏதாவது ஆகும் என்று சில நாள் எதிர்பார்த்தாள். நெடுஞ்சாலைத்துறை ஜீப் எது வந்து நின்றாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். வந்தவர்கள் பருப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். நாகராசு இரண்டு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. அப்புறம் புல்லட் நின்றது, அவர் சூடான பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டுப் போனார். நட்பில் எப்படியோ அப்படியே பகையிலும் அவர் முழுமையானவர் அல்ல. அந்தக் குறைக்காக உண்ணாமலை அவரை மன்னித்தாள்.

பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒருநாள் பிரகதீஸ்வரியின் ஸ்கூட்டரும் கொட்டகையில் நின்றது. கால் கிலோ முழுப்பருப்பு வாங்கிக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"ரஞ்சிதா பேரு நாலாவதுலதாங்க இருக்கும். அத என்னால மாத்த முடியாது."

"பேரு அங்கிட்டு இருக்கட்டும் டீச்சர். புள்ள ஒங்க ரூம்புலயே மூணாவதுல இருக்கட்டும்."

"யாராச்சும் ஆபீஸர் வந்து கேட்டா?"

"மேலாண்மைக் குழுத் தலைவர் ஒக்காரவச்சாங்கன்னு சொல்லுங்க. அந்தப் பதவிக்கு நான் வேற என்னத்தத்தான் செஞ்சேன்?"

டீச்சர் பருப்புப் பொட்டலத்தை வண்டியின் முன்பையில் வைத்தார். வாய்ப்பாடு மட்டும் சத்தமாகச் சொல்லவைக்கச் சொல்லி மறுபடி ஆரம்பிக்காதீங்க என்றார். உண்ணாமலை அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பேசி முடியாமலே வண்டி கிளம்பியது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலையில் உண்ணாமலை மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு, முந்திரி வறுக்கப் போனாள்.